செம்பியின் காலும் என் ஈய அங்கியும்

யாழ்ப்பாணம் போய் வந்தவர்கள் அங்கே கும்பிட்ட கோயிலையும் தின்ற மாம்பழத்தையும் பற்றி எழுதுவது வழக்கம். நானும் அப்படியே எழுதித் தப்பித்துவிடலாம் என்று மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன். மாம்பழம் என்று தொடங்கினால் நாலாவது வரியில் பேனா தானாகக் குதிரையிடம் போய் நின்றுவிடுகிறது. சரி, குதிரையிலிருந்தே தொடங்குகிறேன். அதன் பெயர் செம்பி. அதன் கால் முறிந்துவிட்டது என்று வாய் கூசாமல் சொன்ன மனிதன் நான்.

நான் டாக்டர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே சொல்லாமல் இருந்ததால்தான் இத்தனையும். சென்னையில் எக்ஸ்ரே இயந்திரங்களைத் தருவித்து விற்கும் ஒரு கம்பெனியில், இயந்திரத்தைப் பூட்டி, விசையை அழுத்தி, பிலிமைக் கழுவிக் கொடுக்கிறவன். படம் எடுப்பது என் வேலை. படத்தைப் பார்த்து இன்னதென்று சொல்வது டாக்டர் வேலை. வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி இந்த வாக்கியத்தை என்னைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டார். மனிதர் முகம் பார்த்து எடைபோடத் தெரிந்தவர்.

இரண்டு மரப்பெட்டிகளில் அடங்கும் சிறிய இயந்திரம் ஒன்றை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இயக்கிக் காட்டி விற்று வரும்படி என்னை அனுப்பினார்கள். கப்பல் கடலைக் கடந்தது, நான் என் காலைச் சாப்பாட்டைக் கடலுக்குக் கொடுத்தது, இவை தவிர வழியில் விசேஷம் இல்லை. போய் இறங்கினால் டாக்டர் ஊரில் இல்லை. "கொழும்புக்குப் போட்டார். ஒரு கிழமையிலை வந்திடுவார்" என்றான் வாசற்காவலன், ஏதோ பக்கத்துக் கடைக்குப் போனவரைப் பற்றிச் சொல்வது போல. கிழமை என்றால் அங்கே வாரம்.

பெட்டிகளோடு நடுத்தெருவில் நின்ற என்னை ஏற்றுக்கொண்டவர் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் இருந்த ஒரு பிரக்கிராசியார். நம் ஊர்ப் பேச்சில் வக்கீல். அந்த ஊரில் காணிக்கு வேலி இருக்கிறதோ இல்லையோ, வேலிக்கு ஒரு வழக்கு இருக்கும். ஆகையால் நல்ல வசதியான மனிதர். வீட்டில் சொந்தமாக எண்ணெய் எஞ்சின் வைத்து மின்விளக்கு எரித்தார். என் இயந்திரத்துக்கு வேண்டியது அதுதான். எனக்கு வேண்டியது காப்பி.

காப்பி கிடைக்கவில்லை என்று சொன்னால் பாவம். கிடைத்தது, கேட்டால். ஆனால் அங்கே ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். எங்கள் கும்பகோணத்தில் இப்படி ஒருவன் செய்தால் வீட்டாருக்குச் சொல்லி அனுப்புவார்கள். இரண்டாம் நாள் நானே பனங்கட்டி கேட்டு வாங்கினேன். பிட்டும், தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதியும் அமிர்தம். மற்றக் கறிகளின் காரம் இருக்கிறதே, இலையில் சொதி ஒன்றுதான் என் பக்கத்துச் சாட்சி. மீதி எல்லாம் எதிர்க்கட்சி.

இரண்டாம் நாள் பிரக்கிராசியார் தம் நாயைக் கொண்டுவந்து காட்டினார். நீளமான உடம்பு, குட்டைக் கால்கள், ஏதோ ஐரோப்பிய ஜாதி. பெயர் ஜட்ஜ்.

"நாள் முழுக்கக் கோட்டிலை ஜட்ஜ் இரு எண்டால் நான் இருக்கிறன், எழும்பு எண்டால் எழும்புறன். வீட்டிலையெண்டாலும் நான் சொல்ல ஜட்ஜ் இருக்கட்டுமன்" என்றார்.

பாவம், அந்த ஜட்ஜால் இருக்கத்தான் முடிந்தது, எழும்ப முடியவில்லை. பின்னங்கால்கள் இரண்டும் துணி போல இழுபட்டன. "மூண்டு மாதமா ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லுறாங்கள். எனக்கு அபிப்பிராயம் வேண்டாம், அத்தாட்சி வேணும். இதின்ரை முள்ளந்தண்டைப் படம் பிடியும் பாப்பம். பிடிச்சீரெண்டால் கமிட்டியிலை உம்முடைய மிசினுக்காக நான் கதைக்கிறன்."

கம்பெனிக்காக நாயென்ன, நரியையும் படம் பிடிப்பேன். நாயை மேசையில் ஒருக்களித்துக் கிடத்தினோம். முதுகு வலியால் அது அசையவே இல்லை; என் தொழிலில் இதுவரை கண்ட நோயாளிகளில் இவ்வளவு ஒழுங்காகப் படுத்தது அந்த ஜட்ஜ் ஒன்றுதான். வெங்காயமும் பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டான்களும் அடுக்கியிருந்த இருட்டறையில் பிலிமை மருந்தில் போட்டு எடுத்து, கிணற்றுத் தண்ணீரில் அலசினேன். அந்த ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது. காய்ந்தால் பிலிமில் வெள்ளைப் புள்ளி விடும். ஆனாலும் தெளிவான படம். முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் சீரான இடைவெளி. ஓரிடத்தில் மட்டும் இரண்டு கண்ணிகள் தேர்க்கூட்டத்தில் அகப்பட்டவை போல நெருக்கிக்கொண்டு நின்றன.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. கம்பெனிப் புத்தகத்தில் நாய்களைப் பற்றி ஒரு பக்கம் உண்டு, அதை ஒப்பித்தேன். "இந்த இடத்தில்தான் கோளாறு. நாற்காலியிலிருந்து குதிக்க விடாதீர்கள். சில வாரம் கூடையிலேயே படுக்க வையுங்கள்." பிரக்கிராசியார் படத்தை வெயிலுக்கு நேரே பிடித்து, கறுப்புக் கோட்டுப் போட்ட தம் எதிரியின் பத்திரத்தைப் படிப்பது போலப் படித்தார். "உதுதான் அத்தாட்சி!" என்றார். அன்று மாலைக்குள் தெருவில் போகிறவர்கள் என்னை "படக்கார டாக்குத்தர்" என்று கும்பிட்டார்கள். நானும் திருப்பிக் கும்பிட்டேன். மறுக்க நேரமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் செம்பி வந்தாள்.

காதர் நானா ரயிலடிக்கும் கடைத்தெருவுக்கும் குதிரை வண்டி ஓட்டுகிறவர். அந்த ஊரில் முஸ்லிம் பெரியவர்களை நானா என்றுதான் அழைக்கிறார்கள். அண்ணன் என்று பொருள். நெடுந்தீவிலிருந்து தோணியில் ஏற்றிக்கொண்டு வந்த செம்மட்டைக் குதிரை அது. வாடகைக் கார்கள் வந்த பிறகும் அவர் வண்டிக்கென்று காத்திருந்து ஏறுகிறவர்கள் இருந்தார்கள் என்றால் அது செம்பியின் நடைக்காகத்தான் என்று பிரக்கிராசியார் சொன்னார். நாலு நாளுக்கு முன் ஒரு மதகடியில் முன்னங்கால் சறுக்கி மடங்கிவிட்டது. குளம்புக்கு மேலே உள்ள மூட்டு உருண்டையாக வீங்கியிருந்தது.

அளவெட்டியில் தெய்வானை அக்கை என்று ஒரு அம்மாள். மாட்டுக்கும் மனிதருக்கும் முறிவு நெறிவு, அதாவது எலும்பு முறிந்ததும் சுளுக்கினதும், பார்க்கிறவர். அவர் காலைத் தடவிப் பார்த்து, மருந்தரைத்துப் பத்துப் பூசி, துணி சுற்றிக் கட்டி, "முறியேல்லை, நெறிவுதான். மூண்டு கிழமைக்கு வண்டிலிலை பூட்டாதை" என்று சொல்லியிருந்தார். காதர் நானாவுக்கு அது போதும். பிரக்கிராசியாருக்குத்தான் போதவில்லை. "விரலாலை தடவிச் சொல்லுறது அபிப்பிராயம், காதர். எங்களிட்டை இப்ப மிசின் கிடக்கு. அத்தாட்சி எடுப்பம்" என்று அவரே ஆளனுப்பி வரவழைத்துவிட்டார். செம்பி ஒரு மைல் தூரம் நொண்டிக்கொண்டு நடந்தே வந்தாள். இந்த வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இங்கே என் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பக்கம். ஆறு வயதில், கும்பகோணத்தில் குளக்கரை ஓரம் நின்ற ஒரு ஜட்காக் குதிரை என் குடுமியைப் புல்லென்று நினைத்துவிட்டது. அன்று முதல் குதிரைக்கும் எனக்கும் நடுவில் குறைந்தது ஒரு தெரு இருக்கும்படி பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். கிராப்பு வைத்துக்கொண்டதற்குக் கூட நாகரிகம் காரணமல்ல.

இயந்திரத்தைச் செம்பியின் காலுக்கு நேரே நிறுத்தினேன். அதாவது, காதர் நானாவை நிறுத்தச் சொன்னேன். நான் விசைக் கம்பியை அதன் முழு நீளத்துக்கும் இழுத்துக்கொண்டு மாமரத்துக்குப் பின்னால் போனேன். கதிர் உடம்பில் படாமல் இருக்க ஈயம் ஏற்றிய ரப்பர் அங்கி ஒன்று எங்களுக்கு உண்டு. அதைக் கழுத்திலிருந்து முழங்கால் வரை மாட்டிக்கொண்டேன். பிலிம் பெட்டியைக் காலுக்குப் பின்னால் யாராவது பிடிக்க வேண்டுமே? காதர் நானா பிடித்தார். அவருக்கு அங்கி இல்லை. இருந்தது ஒன்றுதான்; அதற்குள் நான் இருந்தேன்.

"ஐயா, கட்டை அவிழ்க்கட்டோ? அக்கை பூசின மருந்தும் கிடக்கு. கழுவி விடட்டோ?" என்று அவர் கேட்டார்.

கேள்வியில் தவறே இல்லை. கட்டை அவிழ்த்து, கழுவி, துடைத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும் என்று எங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அவிழ்த்தால் அவள் துள்ளுவாள். துள்ளினால் கயிறு அறும். அறுந்தால் மாமரம் என்னைக் காப்பாற்றுமா என்று என் மனம் அதற்குள் மூன்று காட்சி நாடகம் நடத்திவிட்டது.

"வேண்டாம் நானா! துணியெல்லாம் எக்ஸ்ரேக்கு ஒரு பொருட்டா? துணியைத் துளைத்து, தோலைத் துளைத்து, எலும்பைப் பார்க்கிற கண் இது!" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து பிரசங்கம் செய்தேன். விசையை அழுத்தினேன். செம்பி காதை மட்டும் ஆட்டினாள்.

இருட்டறையில் பிலிமைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை எலும்பின் குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புக் கோடு. என் தொழிலில் நூறு தடவை கண்ட கோடு. டாக்டர்கள் அதைப் பார்த்து ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். வெங்காய வாசனையோடு முற்றத்துக்கு வந்து அந்தச் சொல்லை நான் சொன்னேன்.

"முறிவு."

காதர் நானா செம்பியின் பக்கம் திரும்பினார். குதிரைக் கயிற்றைக் கையில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டார். பிரக்கிராசியார் படத்தை வெயிலில் பிடித்தார். கோடு அவருக்கும் தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, "குதிரைக்குக் கால் முறிஞ்சால் பிறகு ஒண்டும் செய்யேலாது, காதர். வேதனைப்பட விடக்கூடாது. என்னட்டைத் துவக்கு இருக்கு" என்றார். துவக்கு என்றால் துப்பாக்கி.

"நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுதிட்டு வாறன் ஐயா. அதுவரைக்கும் அவள் இஞ்சை நிக்கட்டும். நானும் நிக்கிறன்" என்றார் காதர் நானா. பிறகு என்னிடம் திரும்பி, "உங்களுக்குப் பெரிய கரைச்சல் தந்திட்டம்" என்றார். கரைச்சல் என்றால் தொந்தரவு.

அதைக் கேட்டுக்கொண்டு நான் இராத்திரி பிட்டுச் சாப்பிட்டேன். இரண்டு குழல்.

நாலாம் நாள் காலை எழுந்ததும் நான் செய்த காரியத்தை எழுதக் கை கூசுகிறது. பருத்தித்துறையிலும் ஒரு டாக்டர் இருக்கிறார், அவருக்கும் ஓர் இயந்திரம் விற்றுப் பார்க்கலாம் என்று தோன்றியது. நாயின் முதுகைவிடக் குதிரையின் முறிவு கண்ணுக்கு எடுப்பாக இருக்கும் அல்லவா? செம்பியின் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். முற்றத்தில் காதர் நானா அவளுக்குப் புல்லை ஒவ்வொரு பிடியாகக் கையால் ஊட்டிக்கொண்டிருந்தார். நான் பின்வாசல் வழியாகப் போனேன்.

பருத்தித்துறை டாக்டர் சத்திரசிகிச்சையில் இருந்தார். என்னைப் பார்க்க நேரமில்லை என்று சொல்லியனுப்பினார். தட்டையாக, நொறுக்கென்று முறியும் அந்த ஊர் வடையை ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்தேன். எங்கள் கரையிலும் இதே கடல்தான். ஆனால் இங்கே மீனவர்கள் அதனோடு சண்டை பிடிக்கிற மாதிரி உரத்துப் பேசுகிறார்கள். மத்தியானம் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து இருக்கையில் மீன் கடகத்தோடு ஓர் அம்மாள். என் கையில் இருந்த சுருளைப் பார்த்து, "என்னையா, சாதகமோ?" என்றாள். சும்மா இருப்பேனா? விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. எக்ஸ்ரே, குதிரை, முறிவு என்று சிறு பிரசங்கம் ஒன்று முடித்தேன்.

"இஞ்சை தாருங்கோ பாப்பம்" என்று அந்த அம்மாள் வாங்கி, மீனின் செதிலைப் பார்க்கிற மாதிரித் தூக்கிப் பிடித்தாள். "உது எலும்பு. சரி. உந்தக் கறுப்புக் கோடு ஏன் எலும்பு முடிஞ்ச பிறகும் போகுது? சதையும் முறியுமோ?"

"அம்மா, இது குதிரை. மீனல்ல" என்றேன்.

"மீனெண்டால் என்ன, குதிரையெண்டால் என்ன? முள்ளு முறிஞ்சால் முள்ளுக்குள்ளையெல்லோ முறியும்! இது இஞ்சாலை சதையிலை துவங்கி, எலும்புக்கு மேலாலை போய், அங்காலை சதையிலை போய் முடியுது. ஆரோ மேலாலை கீறினமாதிரிக் கிடக்கு."

படத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே. கோடு எலும்புக்கு வெளியே தொடங்கி, எலும்புக்கு வெளியே முடிந்தது. ஓரத்தில் அதிலிருந்து நூல் நூலாகக் கிளைகள் வேறு, கோடையில் வற்றின குளத்துச் சேறு வெடித்த மாதிரி. அது காலின் மேலே பூசியிருந்த எதிலோ விழுந்த வெடிப்பு. எலும்பில் விழுந்தது அல்ல.

அந்தக் கணத்தில் என் மனத்தில் வந்தவற்றை வரிசை மாற்றாமல் சொல்கிறேன். முதலில் என் வேலை வந்தது. இரண்டாவதாகப் பிரக்கிராசியாரின் துவக்கும், அது யார் பக்கம் திரும்பும் என்ற கேள்வியும். செம்பி மூன்றாவதாகத்தான் வந்தாள்.

"டிரைவர்! கொஞ்சம் வேகமாகப் போக முடியுமா?" என்று கத்தினேன். பஸ் அதைக் காதில் வாங்கினது போல ஒரு தும்மல் தும்மி, புகை விட்டு, நின்றது. நின்ற இடம் வல்லை வெளி. மரமில்லை, வீடில்லை, நிழல் என்று சொன்னால் பஸ்ஸின் நிழல் ஒன்றுதான். காற்று மட்டும் தாராளம்.

"தண்ணி கொதிச்சுப் போச்சு. ஆறட்டும். ஏன் அந்தரப்படுறியள்?" என்றார் டிரைவர், சுருட்டைப் பற்றவைத்து.

"ஒரு உயிர் போகப்போகிறது ஐயா!"

"உங்கடையோ?"

வெளியில் இறங்கிக் குதித்துக்கொண்டிருந்தபோது தூரத்தில் புழுதி எழும்பியது. சவாரி வண்டில்! அந்த ஊரில் இரட்டை மாடு பூட்டிப் பந்தயம் விடுவார்கள். அதற்குப் பழக்க இந்த வெளிக்குக் கொண்டுவருவார்களாம். நடுத்தெருவில் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். மாடுகள் என் மூக்குக்கு நேரே நின்றன. விஷயத்தைச் சொன்னதும் வண்டிக்காரர், "அச்சுவேலிச் சந்திவரை விடுறன். அங்கை கார் பிடியுங்கோ. மெதுவாவோ, கெதியாவோ?" என்று கேட்டார்.

"கெதியாக" என்றேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துதான் சொன்னேன். அளவு தெரியாமல் சொல்லிவிட்டேன். அடுத்த மூன்று மைலில் நான் வண்டியில் இருந்த நேரத்தைவிட வண்டிக்கு மேலே இருந்த நேரம்தான் அதிகம். வடைப் பொட்டலம் வல்லை வெளியிலேயே தங்கிவிட்டது. சந்தியில் இறங்கியபோது என் முதுகெலும்பையே படம் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு வாடகைக் காரில் விழுந்தேன்.

நான் வாசலில் போய் விழுந்தபோது காதர் நானா தொழுகை முடித்து, தலையில் தொப்பியோடு செம்பியின் பக்கத்தில் நின்றார். பிரக்கிராசியார் கையில் துவக்கு. இருவருக்கும் நடுவில், குதிரையின் கழுத்தில் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, மறுகையில் அணைந்த சுருட்டோடு ஓர் அம்மாள். செய்தி கேட்டு அளவெட்டியிலிருந்து நடந்தே வந்த தெய்வானை அக்கை.

"முறிஞ்ச காலோடை ஒரு குதிரை ஒரு மைல் நடந்து வருமோ, பிரக்கிராசியார்? கோட்டிலை எத்தினை குறுக்கு விசாரணை செய்யிறியள், இதைக் கேக்க வரேல்லையோ?"

"படத்திலை கோடு கிடக்குது, தெய்வானை."

"நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். மூன்று பேரும் திரும்பினார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் வாழ்நாளில் கிடைக்காது. நான் சொன்னது இது: "இன்னொரு படம் எடுக்க வேண்டும். கம்பெனி விதி. எப்போதும் இரண்டு எடுப்பது வழக்கம்."

தெய்வானை அக்கை என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பிதானோ படக்காரர்? முதல் படத்துக்குக் கட்டை அவிழ்த்தனீரோ?"

நான் மாமரத்தைப் பார்த்தேன்.

 அவர் கிணற்றடியிலிருந்து ஒரு செம்பு தண்ணீரும் ஒரு பிடி தேங்காய்த் தும்பும் கொண்டுவந்து என் கையில் தந்தார். குதிரை இங்கே, நான் அங்கே, நடுவில் ஒரு தெரு என்ற என் முப்பத்தொன்பது வருஷ விரதம் அன்று முடிந்தது. செம்பியின் காலடியில் முழந்தாளிட்டேன். துணியை அவிழ்த்தேன். உள்ளே மஞ்சள் பாரித்த பத்து, காய்ந்து, மூட்டு மடிகிற இடத்தில் குறுக்கே நன்றாக வெடித்திருந்தது. அதே சாய்வு. அதே கிளைகள்.

"இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன், யாருக்கும் கேட்காத குரலில்.

"மிருதார்சிங்கி போட்டு அரைச்சது. ஏன்?"

மிருதார்சிங்கி என்பது ஈயத்தைச் சுட்டு எடுப்பது. என் வயிற்றைக் காப்பாற்ற நான் மாட்டிக்கொண்ட அங்கியில் இருக்கும் அதே ஈயம். கதிர் அதைத் துளைக்காது. அதனால்தான் அதற்குள் ஒளிந்துகொண்டேன். அது செம்பியின் காலில் பூசியிருந்தது. வெடித்த இடத்தில் மட்டும் கதிர் உள்ளே போய்க் கோடு போட்டிருந்தது. கழுவினேன். மயிருக்குள் ஒரு துகள் இல்லாமல் கழுவினேன். செம்பி குனிந்து என் கிராப்பை முகர்ந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், வேறொன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் படத்துக்கு அங்கியைக் காதர் நானாவுக்கு மாட்டி, மாமரத்துக்குப் பின்னால் நிற்கவைத்து, விசையை அவர் கையில் கொடுத்தேன். பிலிம் பெட்டியை நான் பிடித்தேன். இதை வீரம் என்று யாரும் எண்ண வேண்டாம்; தெய்வானை அக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் பளிங்கு போல வந்தது. எலும்பில் ஒரு கீறல் இல்லை. பிரக்கிராசியார் இரண்டு படங்களையும் இரண்டு கையில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. துவக்கை நாற்காலியில் சாய்த்துவிட்டு முழங்கினார்:

"நேற்று முறிவு! இண்டைக்கு முறிவில்லை! நடுவிலை நடந்தது என்ன? தெய்வானையின்ரை மருந்து! அஞ்சு நாளிலை குதிரை எலும்பைப் பொருத்திப்போட்டுது! உதுக்கு மேலை என்ன அத்தாட்சி வேணும்?"

"நான் முறிவெண்டே சொல்லேல்லையே" என்றார் தெய்வானை அக்கை.

"உமக்குத் தன்னடக்கம்."

காதர் நானா செம்பியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எல்லாருக்கும் சந்தோஷம். குதிரை பிழைத்தது, வைத்தியம் ஜெயித்தது, இயந்திரமும் இரண்டு நல்ல படம் எடுத்தது. ஒரே ஒரு சின்ன உண்மைதான் குறைந்தது. "தம்பி ஒண்டும் சொல்லேல்லையே" என்று தெய்வானை அக்கை என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது ஓர் இருமல் வந்தது. நீண்ட இருமல். அவர் போகும் வரை நிற்கவில்லை.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் அந்த ஊரைச் சுற்றிப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். அறையில் இருந்தேன்.

ஏழாம் நாள் காலை காதர் நானா வாசலில் நின்றார். "அக்கை உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"வயிறு சரியில்லை நானா."

"மருந்து அங்கை இருக்கு" என்றார். சிரிக்கவில்லை.

அளவெட்டியில் அவர் வீட்டு முற்றத்தில் ஒரே கூட்டம். எங்கோ பக்கத்து வளவில் ஒருவர் நாதசுவரத்தில் ஒரே சங்கதியைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தார், நான் மனத்துக்குள் ஒரே சாக்கைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தது போல. வேலியோரம் ஓர் ஆடு, நொண்டி நாய் இரண்டு. நடுவில் வட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஒரு மனிதர், முழங்கைக்குக் கீழே கை கோணிக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக இருந்தார். பனையிலிருந்து விழுந்தவர். ஆறு கிழமை அசையாமல் இருக்கச் சொல்லி வேறொருவர் கட்டிய மட்டையை நேற்றுத் தாமே கழற்றி எறிந்துவிட்டு வந்திருந்தார். இங்கே ஐந்து நாளில் பொருந்துமாமே!

தெய்வானை அக்கை அவர் கைக்குப் புதிய மட்டை வைத்துக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "நான் சொன்னால் தன்னடக்கமாம். இவர்தான் படம் பிடிச்சவர். இவரே சொல்லட்டும்."

நான் எந்தக் கூட்டத்திலும் ஒரு வேடிக்கையைச் சொல்லி நழுவிவிடுகிறவன். அன்றும் ஒன்றைத் தொடங்கினேன். கை கோணின மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வேடிக்கை பாதியில் நின்றது.

"குதிரைக்குக் கால் முறியவே இல்லை" என்றேன். "இந்த அம்மாள் முதலில் சொன்னதுதான் சரி. மருந்தில் விழுந்த வெடிப்பை நான் எலும்பு முறிவு என்று சொல்லிவிட்டேன். நான் டாக்டர் இல்லை. காலைக் கழுவிவிட்டு எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்."

"ஏன் கழுவேல்லை?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"பயம்."

"என்னத்துக்கு?"

"குதிரைக்கு."

முற்றமே சிரித்தது. கை கோணின மனிதர் கூட, வலியோடு சிரித்தார். பேர்போன வேடிக்கைக்காரன் நான். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய சிரிப்பை வாங்கியதில்லை. வாங்காமல் இருந்திருக்கலாம்.

காதர் நானா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி நடக்கும்போது பாதி வழியில் சொன்னார்: "அண்டைக்குக் காலமை நான் அவளிட்டை மாப்புக் கேட்டிட்டன் ஐயா. சாகப்போற சீவனெண்டு. அடிச்சதுக்கு, வெயிலிலை ஓட்டினதுக்கு, எல்லாத்துக்கும் காதுக்குள்ளை சொல்லி மாப்புக் கேட்டனான்." 

பிரக்கிராசியாரிடமும் சொன்னேன். அவர் வெகுநேரம் மீசையைத் தடவினார். பிறகு முதல் படத்தை ஒரு நீள உறையில் போட்டு, மேலே மசியால் "பொய்ச்சாட்சி" என்று எழுதி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஜட்ஜ் கூடையில் கிடந்தபடி என்னையே பார்த்தது. அதன் முதுகைப் பற்றி நான் சொன்னதும் சந்தேகத்துக்கு இடமானது என்று அதற்கும் புரிந்திருக்கும்.

கொழும்பிலிருந்து திரும்பிய டாக்டர் இயந்திரத்தை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். நாயின் படத்தைப் பார்த்துவிட்டு, "சொன்னது சரிதான். ஆனால் சொன்னது ஆர்?" என்று கேட்டார். "புத்தகம்" என்றேன். "நல்லது. புத்தகத்தை விட்டிட்டுப் போம்" என்றார்.

புறப்படும் நாள் காதர் நானா என்னை ரயிலடிக்குக் கொண்டுபோக வந்தார். வண்டி இல்லை. செம்பியைப் பூட்ட இன்னும் நாளிருக்கிறது. அவளை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். தெய்வானை அக்கை கொஞ்சம் நடக்கவிடச் சொல்லியிருக்கிறாராம். என் பெட்டியை அவர் தூக்க வந்தார், நான் விடவில்லை. தலையில் வைத்துக்கொண்டு, ஒரு குதிரைக்குப் பக்கத்தில், ஒரு தெரு தூரம் அல்ல, ஒரு முழ தூரத்தில் நடந்தேன்.

ரயிலடியில் பெட்டியை இறக்கினேன். "நானா, நான் உங்களிடம் மாப்புக் கேட்க வேண்டும்" என்றேன்.

"என்னட்டை வேண்டாம்" என்றார். கயிற்றைத் தளர்த்தி, செம்பியின் தலையை என் பக்கம் திருப்பினார். "அவளிட்டைக் கேளுங்கோ. காதுக்குள்ளை கேக்கவேணும்."

சுற்றிலும் பார்த்தேன். ஸ்டேஷன் முழுக்க ஜனம். ஒரு குதிரையின் காதில் வாயை வைத்து, கோட்டுப் போட்ட ஒரு மனிதன் என்ன சொல்கிறான் என்று அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. சொல்லி முடித்ததும் அவள் அந்த முன்னங்காலை மெல்ல உயர்த்தினாள்.

நான் ஓடவில்லை. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நம்ப வேண்டும். இரண்டடி பின்வாங்கினேன், அவ்வளவுதான். அவள் காலைத் திரும்ப நிலத்தில் முழுதாக ஊன்றி வைத்ததும், அந்த இரண்டடியையும் திரும்ப நடந்து வந்தேன்.